எழுதப்படாத வரலாற்றைப் படிப்பது எப்படி?

ஆப்பிரிக்காவின் தேசப்படம் ஒன்றை மேசைமீது விரித்துக் கொள்ளுங்கள். மேற்கே, காங்கோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே வாழும் காங்கோ மக்கள் ஒரு மனிதனை 'முண்டு' என்கிறார்கள். பலராக இருந்தால் 'பாண்டு'. விரலைக் கிழக்கே நகர்த்தி விக்டோரியா ஏரிக்கு வாருங்கள். உகாண்டாவின் லுகாண்டா மொழியில் 'ஒமுண்டு', 'அபாண்டு'. இந்துமாக் கடற்கரையின் சுவாஹிலி மொழியில் 'ம்டு', 'வாட்டு'. தெற்கே ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'முன்ஹு', 'வன்ஹு'. கண்டத்தின் தென்கோடியில் ஜூலு மொழியில் 'உமுண்டு', 'அபாண்டு'.

காங்கோ ஆற்றின் முகத்துவாரத்திற்கும் ஜூலு மக்களின் நாட்டிற்கும் இடையே 3,000 கிலோ மீட்டருக்கும் அதிகமான தூரம் இருக்கிறது. நடுவே காடுகளும் ஆறுகளும் மேட்டு நிலங்களும் உள்ளன. இருந்தும் மனிதனைக் குறிக்கும் சொல் ஒரே அச்சில் வார்த்தது போல ஒலிக்கிறது. ஒருமையைப் பன்மையாக்க, நாம் செய்வது போலச் சொல்லின் கடைசியில் எதையும் சேர்க்காமல், முன்பகுதியை மாற்றும் முறையும் ஒன்றாகவே இருக்கிறது. இது தற்செயலாக நேர்ந்திருக்க முடியுமா?

முடியாது என்பதுதான் மொழியியல் அறிஞர்களின் விடை. இந்த மொழிகளை 'பாண்டு மொழிகள்' என்கிறார்கள். இவை ஏறத்தாழ 500 இருக்கின்றன. பேசுவோர் 30 கோடிக்கும் மேல். இவை அனைத்தும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை. அப்படியானால் அந்த மூலமொழியை எங்கே, எப்போது பேசினார்கள்? அது எப்படிப் பாதிக் கண்டத்தில் பரவியது? அந்த மக்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. கல்வெட்டு இல்லை, ஓலை இல்லை. பின் எப்படிக் கண்டுபிடிப்பது?

வரலாறே இல்லையா?

இது வெறும் அறிவு விளையாட்டு அல்ல. 1963-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, மற்றதெல்லாம் இருள் என்ற பொருள்படப் பேசினார். எழுத்து இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்பது அக்காலத்தில் பலரிடம் இருந்த எண்ணம்.

தென்னாப்பிரிக்காவில் இந்த எண்ணம் பேராசிரியர்களின் அறையோடு நின்றுவிடவில்லை. டச்சுக்காரர்கள் 1652-ல் கேப் முனையில் இறங்கிக் குடியேறினார்கள். கறுப்பின உழவர்களும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வடக்கிலிருந்து லிம்போப்போ ஆற்றைக் கடந்து வந்தார்கள் என்று நிறவெறி ஆட்சிக் காலத்துப் பள்ளிப் பாடநூல்கள் கற்பித்தன. அதாவது, நிலம் காலியாகக் கிடந்தது; இருவரும் வந்தேறிகள்தாம்; ஆகவே ஒருவரைவிட மற்றவருக்கு அதிக உரிமை இல்லை என்பது அதன் உட்பொருள். 1913-ம் ஆண்டு நிலச்சட்டம் அந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தை மட்டுமே கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியிருந்தது. 1936-ல் அது 13 சதவீதம் ஆயிற்று. மக்கள்தொகையில் அவர்களோ பெரும்பான்மையினர். 'யார் எப்போது வந்தார்கள்?' என்ற கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருந்தது பாருங்கள்!

ஏடுகள் இல்லாத வழக்கில் வேறு சாட்சிகளைத்தான் அழைக்க வேண்டும். இந்த வழக்கில் மூன்று சாட்சிகள் கிடைத்தன: சொல், பானை, உடல்.

முதல் சாட்சி: சொல்

1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார் என்று நீங்கள் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அடுத்த ஆறே ஆண்டுகளில், 1862-ல், ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பிளீக் தென்னாப்பிரிக்க மொழிகளுக்கு அதே போன்ற ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். 'பாண்டு' என்ற சொல்லை மொழிக் குடும்பத்தின் பெயராக்கியவர் அவர்தான். அதன் பொருள் 'மக்கள்' என்பதே.

குடும்பம் ஒன்று என்று தெரிந்துவிட்டது. பிறந்த வீடு எது? அமெரிக்க மொழியியலறிஞர் ஜோசப் கிரீன்பெர்க் 1949-லிருந்து வெளியிட்ட கட்டுரைகளிலும், 1963-ல் வந்த நூலிலும் இதற்கு விடை கூறினார். அவருடைய வாதம் எளிமையானது. ஒரு பெரிய குடும்பத்தில் ஒருவன் மட்டும் வெளியூர் சென்று, அவன் பிள்ளைகள் பல ஊர்களில் பரவியதாக வைத்துக் கொள்வோம். அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று அறிய வேண்டுமானால், அவனுடைய அண்ணன் தம்பிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாண்டு மொழிகளுக்கு நெருங்கிய உறவுள்ள, ஆனால் பாண்டு அல்லாத மொழிகள் எல்லாம் நைஜீரியாவிலும் காமரூனிலும் நெருக்கமாக இருக்கின்றன. மேலும், பாண்டு மொழிகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மிகுந்த வேறுபாடு காணப்படுவதும் அந்தப் பக்கத்தில்தான். நெடுங்காலம் ஒரே இடத்தில் இருந்தால்தான் அவ்வளவு வேறுபாடு தோன்றும். ஆகவே தாயகம் நைஜீரியா–காமரூன் எல்லைப் பகுதி என்றார் அவர்.

பிரிட்டிஷ் அறிஞர் மால்கம் கத்ரி இதை ஏற்கவில்லை. பொதுச் சொற்கள் மிகுதியாக வழங்கும் இடம் காங்கோவின் தெற்கே உள்ள கட்டாங்காப் பகுதி. அதுவே மையம் என்று அவர் வாதிட்டார். பின்னால் கிடைத்த சான்றுகள் கிரீன்பெர்க்கின் பக்கமே சாய்ந்தன.

சொற்கள் இடத்தை மட்டும் காட்டவில்லை, வாழ்க்கையையும் காட்டின. ஆட்டைச் சுவாஹிலியில் 'ம்பூசி', லுகாண்டாவில் 'எம்பூசி', ஜூலுவில் 'இம்பூசி' என்கிறார்கள். பொதுச் சொல் இருப்பதால், மொழிகள் பிரியும் முன்பே அந்த மக்கள் ஆடு வளர்த்தார்கள் என்று அறிகிறோம். இதே வழியில் நாய், படகு, பானை, எண்ணெய்ப் பனை ஆகியவற்றையும் அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று காட்ட முடிகிறது. ஆனால் இரும்பை உருக்கும் தொழிலுக்கான சொற்கள் அந்த மிகப் பழைய அடுக்கில் இல்லை. புறப்பட்டபோது அவர்கள் கையில் இரும்பு இல்லை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இரண்டாம் சாட்சி: பானை

சொல்லுக்கு ஒரு குறை உண்டு. அது 'எங்கே' என்று கூறும். 'எப்போது' என்று திட்டமாகக் கூறாது. அதற்கு மண்ணைத் தோண்ட வேண்டும்.

உயிருள்ள மரமும் தானியமும் காற்றிலிருந்து சிறிதளவு கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்கின்றன. உயிர் போனபின் புதிதாக ஏற்பதில்லை. உள்ளே இருப்பது சிதைந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. எனவே ஒரு பழைய அடுப்பில் மிஞ்சிய கரித்துண்டே காலத்தைக் காட்டும் கடிகாரம் ஆகிவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வில்லார்டு லிபி உருவாக்கிய இந்த முறைக்காக 1960-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தோடு ஆராய்ச்சியாளர்கள் காமரூனிலிருந்து தெற்கே சென்றார்கள். காமரூன், காபோன் நாடுகளின் காட்டுப் பகுதிகளில் பானை ஓடுகள், தீட்டிய கற்கோடரிகள், எண்ணெய்ப் பனைக் கொட்டைகள் நிறைந்த குப்பைக் குழிகள் ஆகியவை கிடைத்தன. பழைய அடுக்குகளில் இரும்பு இல்லை. முதல் சாட்சி கூறியது உண்மைதான்!

தென் காமரூனின் மழைக்காட்டில் இன்னொரு வியப்பான பொருள் கிடைத்தது. அது கருகிய கம்பு. காலம் கி.மு. 400-க்கும் 200-க்கும் இடைப்பட்டது. கம்பு வறண்ட நிலத்துப் பயிர். ஆண்டு முழுவதும் மழை கொட்டும் காட்டில் எப்படி விளையும்? ஏரிகளின் அடியில் படிந்த மகரந்தத் தூள் இதற்கு விடை தந்தது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் மாறி, காடு பல இடங்களில் பின்வாங்கி, புல்வெளிகள் இடைவழிபோலத் திறந்தன. அந்த வழிகளில் உழவர்கள் முன்னேறினார்கள்.

அதே காலத்தை ஒட்டி, விக்டோரியா ஏரியைச் சுற்றிய பகுதிகளில் இரும்புக் கசடும், உலைகளும், 'உரேவே' என்று பெயரிடப்பட்ட அழகிய மட்பாண்டங்களும் தோன்றுகின்றன. அதன்பின் அந்த வகையிலிருந்து கிளைத்த மட்பாண்டங்கள் தெற்கு நோக்கித் தொடர்ந்து, கி.பி. 5-ம் நூற்றாண்டுக்குள் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியை எட்டிவிடுகின்றன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். காமரூன் மேட்டு நிலத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைவரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,500 கி.மீ. பயணம் தொடங்கியது ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன். முடிந்தது 1,600 ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட காலம் 3,400 ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 1.3 கி.மீ. தான் வருகிறது. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று கொண்டால் 33 கி.மீ. இது சராசரிதான், காட்டில் மெதுவாகவும் புல்வெளியில் விரைவாகவும் நகர்ந்திருப்பார்கள். ஆனாலும் இது படையெடுப்பு அல்ல என்பது விளங்குகிறதல்லவா? தந்தையின் வயல் போதாத மகன், இரண்டு ஆறு தாண்டிப் புதிய வயல் திருத்துகிறான். பெரும்பாலோருக்குத் தாங்கள் ஒரு நெடும் பயணத்தில் இருப்பதே தெரிந்திராது.

இனி, பாடநூலுக்கு வருவோம். 1957-ல் தென்னாப்பிரிக்காவின் லைடன்பர்க் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில், ஒரு பள்ளிச் சிறுவன் சுடுமண் துண்டுகள் சிலவற்றைக் கண்டான். சில ஆண்டுகள் கழித்துத் தொல்பொருளில் ஆர்வம் ஏற்பட்டு, திரும்பச் சென்று துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தான். அவற்றை ஒட்டிப் பார்த்தபோது ஏழு சுடுமண் தலைகள் உருவாயின. கண்ணும் வாயும் கழுத்து வளையங்களும் நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தன. அந்த இடத்துக் கரியைச் சோதித்தபோது காலம் ஏறத்தாழ கி.பி. 500 என்று தெரிந்தது. டச்சுக் கப்பல் கேப் முனைக்கு வருவதற்கு 1,100 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக! இதே போன்ற காலக் கணிப்புகள் 1960-களிலும் 1970-களிலும் பல இடங்களிலிருந்து வந்து குவிந்தன. 'காலி நிலம்' என்ற கதை ஆய்வுக்கூடத்தில் உடைந்தது. ஆனால் அந்தக் கதையைத் தாங்கிப் பிடித்த ஆட்சி 1994 வரை நீடித்தது.

மூன்றாம் சாட்சி: உடல்

மூன்றாம் சாட்சி நம் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் டி.என்.ஏ. என்ற மரபுப் பொருளே அது.

பல நிறங்களில் விதைகள் கலந்த ஒரு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளுங்கள். ஓரிரு நிறங்கள் விடுபட்டுப் போகும். அந்தக் கைப்பிடியை விதைத்துப் பெருக்கி, அதிலிருந்து மீண்டும் ஒரு கைப்பிடி அள்ளினால் இன்னும் சில நிறங்கள் குறையும். மக்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து சென்றால் மரபு வேறுபாடும் இப்படித்தான் தூரத்திற்கேற்பக் குறைந்து கொண்டே போக வேண்டும். 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 147 சமூகங்களிலிருந்து 1,763 பேரின் டி.என்.ஏ. ஆராயப்பட்டது. பாண்டு மொழி பேசுவோரிடையே, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் கூடக்கூட வேறுபாடு குறைவது அதில் தெரிந்தது. ஆக, சொற்கள் மட்டும் வாய்க்கு வாய் பரவவில்லை, மனிதர்களும் நடந்தார்கள்.

சாட்சிகள் முரண்பட்டால்?

மூன்று சாட்சிகளும் எப்போதும் ஒரே குரலில் பேசியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவை முரண்படும் இடங்களில்தான் மக்கள் ஒருவரோடொருவர் கலந்த விதம் தெரிகிறது.

மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்து வந்த அகா மக்கள் பேசுவது ஒரு பாண்டு மொழி. ஆனால் அவர்கள் டி.என்.ஏ.வின் பெரும்பகுதி, அந்தக் காட்டின் தொன்மையான குடிகளுடையது. அவர்கள் அண்டை உழவர்களின் மொழியை ஏற்றார்கள், தாங்கள் மறைந்துவிடவில்லை.

மலாவி நாட்டில் நேர்மாறு. அங்கே கிடைத்த பழைய வேட்டைச் சமூகத்தினரின் எலும்புகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அந்தப் பழைய மரபு இன்றைய மலாவி மக்களிடம் ஏறத்தாழத் தென்படவே இல்லை. அங்கே மொழியோடு மக்களும் மாறிவிட்டார்கள்.

காமரூனின் ஷும் லாக்கா குகை இன்னும் வியப்பூட்டுவது. இது பாண்டு மொழிகளின் தாயகம் என்று கருதப்படும் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டிருந்த நான்கு குழந்தைகளின் டி.என்.ஏ. விவரம் 2020-ல் வெளிவந்தது. இருவர் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கும், இருவர் 3,000 ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்தவர்கள். நால்வரும் இன்றைய பாண்டு மக்களுக்கு நெருங்கியவர்கள் அல்லர். காட்டு வேட்டைக் குடிகளையே அதிகம் ஒத்திருந்தார்கள். தாயகத்திலும்கூட ஒரே ஒரு மக்கள் வாழவில்லை என்று இதனால் தெரிகிறது.

தென்கோடியில் நடந்ததோ வேறு. பாண்டு உழவர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அங்கே சான் வேட்டைக்காரர்கள் வாழ்ந்தார்கள். ஆடு மாடு மேய்த்த கோய் மக்களும் இருந்தார்கள். இவர்களுடைய மொழிகளில் 'சொடுக்கொலிகள்' உண்டு. பரிதாபப்பட்டு நாம் 'உச்சு'க் கொட்டுகிறோமே, அந்த ஒலி அவற்றில் ஒன்று. நமக்கு அது வெறும் ஓசை. அவர்களுக்கு அது 'க', 'ச' போன்ற ஒரு மெய்யெழுத்து. மூலப் பாண்டு மொழியில் இந்த ஒலி கிடையாது. ஆனால் நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியான கோசாவிலும், ஜூலுவிலும் சொடுக்கொலிகள் மூன்று அடிப்படை வகைகளில் நிறைந்திருக்கின்றன. 'கோசா' என்ற பெயரே அந்த மக்கள் வாயில் ஒரு சொடுக்கோடுதான் தொடங்குகிறது!

அண்டை வீட்டாரிடமிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்குவது எளிது. ஓர் ஒலியையே வாங்க வேண்டுமானால், சிறு வயதிலிருந்து அதைக் கேட்டு வளர வேண்டும். டி.என்.ஏ.வும் இதையே கூறுகிறது: கோசா மக்களிடம் கோய், சான் மரபு கணிசமாக உள்ளது, அதுவும் தாய்வழியில் மிகுதி. தாயும் பாட்டியும் பேசிய ஒலிகள் பிள்ளைகளின் மொழியில் தங்கிவிட்டன. இன்னொரு காரணத்தையும் அறிஞர்கள் கூறுவதுண்டு. மருமகள்கள் மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அதில் உள்ள அசைகளைக்கூட உச்சரிக்கக் கூடாது என்ற மரியாதை வழக்கம் அங்கே இருந்தது. அந்த அசை வரும் சொற்களில் வேறொலியைப் போட வேண்டியிருந்ததால், சொடுக்கொலிகள் மேலும் பரவின என்பது அவர்கள் கருத்து.

கொண்டதும் கொடுத்ததும்

வழி நெடுகிலும் இப்படிக் கொள்வினை கொடுப்பினை நடந்தது. காட்டிலிருந்து வந்தவர்கள் கிழங்கு பயிரிடத் தெரிந்தவர்கள். கிழக்கே குஷிட்டிக், சூடானிய மொழிகள் பேசிய மக்களிடமிருந்து மாடு வளர்ப்பையும், சோளம், கேழ்வரகு சாகுபடியையும் கற்றார்கள். கோசா மொழியில் செம்மறியாட்டுக்கு வழங்கும் 'இகுஷா' என்ற சொல் கோய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் பிறந்த வாழை கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்து, உகாண்டாவில் அன்றாட உணவாகவே ஆயிற்று.

பின்னாளில் கடற்கரைக்கு அரபு வணிகர்கள் வந்தபோது, புத்தகத்திற்கான 'கிதாப்' என்ற அரபுச் சொல் சுவாஹிலியில் 'கிட்டாபு' ஆனது. சுவாஹிலியில் 'கி' என்று தொடங்கும் பெயர்களுக்குப் பன்மை 'வி'. ஆகவே பல புத்தகங்கள் 'விட்டாபு'! வந்த சொல்லைத் தம் வீட்டு வழக்கப்படி உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஆப்பிரிக்காவோடு நிற்கவுமில்லை. கம்பு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் பயிரானது. சோளம் சூடான் பகுதியிலும், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலும் பயிராக்கப்பட்டவை. மூன்றும் கடலைத் தாண்டி இந்தியாவுக்கு வந்து, நம் மானாவாரி நிலங்களில் வேரூன்றின. கம்மங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்ணும்போது, பெயர் தெரியாத ஆப்பிரிக்க உழவர்கள் தேர்ந்தெடுத்த விதையின் வழித்தோன்றலைத்தான் உண்கிறோம். அதைக் கொண்டு வந்தவர் யார், எந்தப் படகில் ஏற்றினார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. கருகிப்போன சில தானியங்கள்தாம் சாட்சி.

ட்ரெவர்-ரோப்பர் 'இருள்' என்று கருதிய இடத்தில் ஐயாயிரம் ஆண்டுக் கதை இருந்தது. அதில் விடைகாணாத பக்கங்கள் இன்னும் பல. எடுத்துக்காட்டாக, காங்கோ மழைக்காட்டில் கி.பி. 400-க்கும் 600-க்கும் இடையே குடியிருப்புகள் திடீரெனக் குறைந்து, பல நூற்றாண்டுகள் கழித்தே மீண்டும் பெருகின என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காரணம் நோயா, தட்பவெப்பமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். மொழியியலும், மண்ணியலும், மரபியலும் கற்ற இளைஞர்கள் இதற்குத் தேவைப்படுகிறார்கள். நாளை அவர்களில் ஒருவராக நீங்களும் இருக்கலாம்.